பத்திரம் கொடுத்தால் பொறுப்பு தீர்ந்துவிடுமா?

திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 2021 டிசம்பர் 27 அன்று, குடிசை மாற்று வாரியம் கட்டிய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று சரிந்து விழுந்தது. 24 வீடுகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கல்லும் கம்பியுமாகக் குவிந்தன. சுவரில் விரிசல் ஓடுவதைக் கவனித்த மக்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டு வெளியே வந்துவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. அந்தக் கட்டடம் 1993-இல் கட்டப்பட்டது. விழுந்தபோது அதற்கு வயது 28. ஒழுங்காகக் கட்டி ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட கான்கிரீட் கட்டடம் அதைப்போல் இரண்டு மடங்கு காலமாவது நிற்க வேண்டும்.

வீடிழந்த குடும்பங்களுக்குத் தலா ஒரு லட்சம் ரூபாயும் மாற்று வீடும் தருவதாக அரசு அறிவித்தது. மாநிலத்தில் 20,000-க்கும் மேற்பட்ட வாரிய வீடுகள் சிதிலமடைந்திருக்கின்றன, அவை இடித்துக் கட்டப்படும் என்றும் அப்போது சொல்லப்பட்டது. பல இடங்களில் அந்த வேலை நடந்துவருகிறது. வரவேற்கிறேன். ஆனால், ஒரு கட்டடம் அந்தப் பட்டியலில் ஏறுவதற்கு முன்பு பத்துப் பதினைந்து ஆண்டுகள் மெல்ல மெல்லக் கெட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்தில் அதை யார் பழுதுபார்ப்பது, யார் பணம் கொடுப்பது? வாடகைக்கு ஒதுக்கப்பட்ட வீடு என்றால் கேட்பதற்கு ஓர் அலுவலகமாவது உண்டு. தவணை கட்டி முடித்து விற்பனைப் பத்திரமும் வாங்கியாகிவிட்டது என்றால் அந்தக் கதவும் மூடிவிடுகிறது.

அரசு கட்டிய வீட்டில் உள்ள கட்டுமானக் குறையைச் சரிசெய்யும் செலவு, அந்த வீட்டை விற்ற பிறகும் அரசையே சேர வேண்டும். இதை ஏதோ சலுகையாகக் கேட்கவில்லை; கட்டியவருக்கும் விற்றவருக்கும் உள்ள சாதாரணக் கடமை என்றே சொல்கிறேன். சிவில் டிப்ளமோ முடித்த நாளிலிருந்து கட்டடப் பழுதுபார்ப்பு வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. அரசு டெண்டர் எடுப்பவன் அல்ல. தனியார் அடுக்ககங்களிலும் வாரியம் கட்டிய குடியிருப்புகளிலும் கூப்பிடுகிற வீட்டுக்குப் போய்ப் பார்ப்பவன். அங்கே பார்த்ததை வைத்தே எழுதுகிறேன்.

ஒரு கான்கிரீட் சில்லு சொல்வது

வடசென்னையில் ஒரு பழைய குடியிருப்பு, பெயர் வேண்டாம். இரண்டாவது மாடி வீட்டில் மீன் வியாபாரம் செய்யும் அம்மா ஒருவர், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கான்கிரீட் சில்லை என் கையில் வைத்தார். "ராத்திரி பேரன் தலைமாட்டுல விழுந்துச்சு தம்பி. கொஞ்சம் தள்ளிப் படுத்திருந்தான், பொழச்சான்" என்றார்.

அந்தச் சில்லைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் வெள்ளையடித்த சீலிங் பூச்சு. மறுபக்கம் கம்பி கிடந்த தடம், செம்பழுப்பாக, ஒரு வாய்க்கால்போலப் பதிந்திருந்தது. பூச்சைக் கழித்துவிட்டுப் பார்த்தால், கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே இருந்த கான்கிரீட் என் சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. நாங்கள் 'கவர்' என்று சொல்வது இந்தக் கனத்தைத்தான். கம்பி துருப்பிடிக்காமல் காக்கும் ஒரே காவல் அது. 2000-இல் திருத்தப்பட்ட ஐஎஸ் 456 விதி, கடலோரக் காற்று படும் கான்கிரீட்டுக்கு 45 மில்லிமீட்டர் கவர் கேட்கிறது. பழைய கட்டடங்கள் எழுந்த காலத்து விதி அவ்வளவு கேட்கவில்லை. விதி கேட்ட கொஞ்சத்தையும் பல இடங்களில் கொடுக்கவில்லை என்பதை உடைத்துப் பார்க்கும்போது கண்ணாலேயே காண்கிறோம். கம்பி கட்டும்போது அடியில் வைக்க வேண்டிய கவர் பிளாக்கை வைக்காமல், பலகையின் மேலேயே கம்பியைக் கிடத்திக் கான்கிரீட் கொட்டியிருப்பார்கள்.

அதன் பிறகு நடப்பதெல்லாம் வேதியியல். காற்றில் உள்ள கரியமில வாயு கான்கிரீட்டுக்குள் மெதுவாக இறங்கி, கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மையைத் தீர்க்கிறது. கடற்காற்றின் உப்பும், கலவைக்கு ஊற்றிய போர் தண்ணீரின் உப்பும் அதை விரைவுபடுத்துகின்றன. துருவாகும் இரும்பு தன் பழைய அளவைப்போலப் பல மடங்கு பருத்து, அடியில் உள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. இத்தனைக்கும் ஈரம் வேண்டும். அந்த வீட்டில் ஈரம் மேல்மாடிக் குளியலறையிலிருந்து வந்தது. குளியலறைத் தண்ணீர் வடியும் நானி டிராப்பைச் சுற்றிக் கட்டும்போதே சரியாக அடைக்காததால் ஓதம் சமையலறை சீலிங்கில் இறங்கி, எத்தனையோ மழைக்காலமாக ஊறிக்கொண்டிருந்தது.

இதில் அந்த அம்மா செய்த பிழை என்ன? கம்பி கட்டியவர் அவர் அல்ல. தண்ணீர் ஊற்றியவர் அவர் அல்ல. மேல்வீட்டுக் குழாயும் அவருடையதல்ல. அவர் செய்ததெல்லாம் மாதத் தவணையைக் கட்டி முடித்து, பத்திரத்தை வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பீரோவில் வைத்ததுதான். "வாடகை வீடா இருந்தப்போ ஆள் வந்து பார்ப்பாங்க. இப்ப என் பேர்ல இருக்காம். நானே செஞ்சுக்கணுமாம்" என்றார்.

நானும் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் வீட்டுக்குள் நின்று அந்த சீலிங்கைச் சரிசெய்ய முடியாது. மேல்வீட்டுக் குளியலறைத் தரையைத் தோண்டி, குழாயை மாற்றி, வாட்டர்ப்ரூஃபிங் செய்த பிறகுதான் கீழே கை வைக்க வேண்டும். மேல்வீட்டில் இருப்பவர்களோ வாடகைக்கு வந்தவர்கள். வீட்டின் சொந்தக்காரர் ஊரில் இல்லை. கீழே சுத்தியலால் தட்டிப் பார்த்து, வெற்றுச் சத்தம் கேட்கும் இடத்தையெல்லாம் உடைத்து, கம்பிக்குப் பின்னாலும் கான்கிரீட்டை எடுத்து, கம்பி பிரஷ்ஷால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, பாதியாகத் தேய்ந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டி, துருத்தடுப்பு பூசி, பாலிமர் கலவையால் அடைத்து, நாள்கணக்கில் தண்ணீர் காட்ட வேண்டும். வேலை முடியும்வரை கீழ்த்தளம்வரை முட்டு கொடுத்திருக்க வேண்டும். ஆக, அது அவர் வீட்டு வேலையே அல்ல; கட்டடத்தின் வேலை. ஒரு வீட்டுக்காரர், அதுவும் அன்றாடம் சம்பாதித்துச் சாப்பிடுகிறவர், தனியாகச் செய்யக்கூடியது பூச்சு பூசி மறைப்பது மட்டும்தான். அதைச் செய்பவர்கள் ஏராளம். இரண்டு மழைக்காலம் தாங்கும். மூன்றாவதில் பூச்சும் சேர்ந்து விழும்.

உயர்ந்த நோக்கம், பாதியில் நின்ற கடமை

தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970-இல் மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது தொடங்கப்பட்டது. அதற்கான சட்டம் 1971-இல் வந்தது. கோடைதோறும் ஓலைக் குடிசைகள் வரிசையாக எரிந்து, ஒரே இரவில் நூற்றுக்கணக்கானோர் நடுத்தெருவுக்கு வந்த காலம் அது. தீப்பிடிக்காத ஒரு வீட்டை, அதுவும் தொழில் நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, ஏழைக்குக் கட்டித் தர வேண்டும் என்ற முடிவு மிகப் பெரியது. மெரினா ஓரம் நொச்சிக்குப்பத்தில் மீனவர்களுக்கு எழுந்த மாடிவீடுகள் அந்த முடிவின் முதல் அடையாளங்களில் ஒன்று. இந்தியாவின் பெருநகரங்கள் பலவும் குடிசைகளை ஊருக்கு வெளியே தள்ளுவதையே வழியாகக் கொண்டிருந்தபோது, சென்னை குறைந்தபட்சம் சில பத்தாண்டுகள் இருந்த இடத்திலேயே கட்டிக்கொடுத்தது. பின்னாளில் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் விளிம்புக்கே மக்களைக் கொண்டுபோனது வேறு வேதனை. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

வாரியத்தின் பெயர் 2021-இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. பெயரிலேயே வாழ்விட மேம்பாடு வந்துவிட்டது. அந்த மேம்பாடு புதுக் கட்டடத்தோடு நின்றுவிடக் கூடாது என்பதே நான் கேட்பது.

ஏனென்றால், நம் நிதி ஒதுக்கீடுகள் திறப்பு விழாவை நோக்கியே ஓடுகின்றன. புதிதாகக் கட்டப் பணம் உண்டு. பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் மத்திய அரசு வீட்டுக்கு 1.5 லட்சம் ரூபாய் தருகிறது, மாநில அரசு தன் பங்கைச் சேர்க்கிறது. கட்டி முடித்த வீட்டின் சீலிங் 20 ஆண்டு கழித்துப் பெயர்ந்தால், அதற்கு அப்படி ஒரு திட்டமோ பங்கீடோ கிடையாது. பழுதுபார்ப்புக்குக் கல்வெட்டு வைக்க முடியாது என்பதாலோ என்னவோ, எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தப் பழக்கம் மாறவில்லை.

'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டத்தைச் சிலர் இதற்குப் பதிலாகக் காட்டுவார்கள். குடியிருப்போர் நலச்சங்கம் அமைத்து, மக்கள் கட்டும் பராமரிப்புத் தொகைக்கு இணையாக அரசும் ஒரு பங்கு தருவது நல்ல ஏற்பாடு. படிக்கட்டு விளக்கு, மோட்டார், குப்பை, கழிவுநீர் அடைப்பு போன்றவற்றை அதைக்கொண்டு பார்த்துக்கொள்ளலாம். ஆனால், துருப்பிடித்த பீமையும் பில்லரையும் அந்தச் சில நூறு ரூபாய்ச் சந்தாவில் தூக்கி நிறுத்த முடியாது. பராமரிப்பு வேறு, கட்டுமானக் குறை வேறு. முன்னது குடியிருப்பவரின் கடமை. பின்னது கட்டியவரின் கடன்.

சட்டம் எண்ணுவது ஐந்து ஆண்டு

கட்டுமானக் குறைக்குக் கட்டியவரே பொறுப்பு என்பது நான் கண்டுபிடித்த நியாயம் அல்ல. 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14-ஆவது பிரிவு அதையே சொல்கிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரியவந்தால், கட்டிய நிறுவனம் 30 நாளுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்து தர வேண்டும். விற்பனைக்கு வீடு கட்டும் அரசு அமைப்புகளையும் அந்தச் சட்டம் கட்டுமான நிறுவனமாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

கொள்கை சரி, காலக்கெடுதான் போதாது. கம்பியின் துரு ஐந்து ஆண்டில் வெளியே தெரிவதில்லை. அது உள்ளுக்குள் வேலை செய்து, 15 அல்லது 20 ஆண்டு கழித்துத்தான் சீலிங்கில் கோடாக எட்டிப் பார்க்கிறது. தனியார் கட்டியவர் அதற்குள் கம்பெனியையே மூடியிருக்கலாம். அரசு மூடுவதில்லை. அன்று கட்டிய அரசின் தொடர்ச்சிதான் இன்றைய அரசு. அதனால் அரசின் பொறுப்பும் அதற்கேற்ப நீள வேண்டும்.

குறை சீக்கிரம் வெளிப்பட்டால் அரசால் நடவடிக்கை எடுக்க முடியும் என்பதற்குப் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பே சான்று. 2021 ஆகஸ்டில், குடியேறிய கொஞ்ச நாளிலேயே சுவர்ப்பூச்சு கையால் தொட்டால் உதிரும் காட்சி ஊடகங்களில் வந்தது. சட்டப்பேரவையில் பேசப்பட்டது; பொறியாளர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள்; ஐஐடி வல்லுநர்கள் வந்து ஆய்வு செய்தார்கள். சரி. அங்கே பூச்சு உதிர்ந்தது ஊருக்கே தெரிந்தது. 30 ஆண்டுப் பழைய கட்டடத்தில் கான்கிரீட்டே உதிரும்போது அதைப் படம் பிடிக்கக் கேமரா வருவதில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: கட்டும்போது நின்று பார்க்க வேண்டியவர்கள் பார்க்காதது.

தாட்சர் அரசே செய்த காரியம்

விற்றுவிட்ட வீட்டுக்கு அரசு செலவழிப்பதா என்று கேட்பவர்கள் பிரிட்டனைப் பார்க்கட்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே வீட்டுப் பஞ்சம். வார்ப்புக் கான்கிரீட் துண்டுகளைக் கோத்து, 'ஏரி' (Airey) என்பன போன்ற பல வகை வீடுகளை உள்ளாட்சி அமைப்புகள் அவசர அவசரமாகக் கட்டின. 1980-இல் மார்கரெட் தாட்சர் அரசு அவ்வீடுகளில் குடியிருந்தவர்களுக்கே அவற்றை வாங்கும் உரிமையைக் கொடுத்தது. மக்கள் கடன் வாங்கி வாங்கினார்கள். அதன் பிறகுதான் கான்கிரீட் தூண்களுக்குள் கம்பி துருப்பிடித்து விரிசல் ஓடுவது ஆய்வில் தெரிந்தது. நம் வீடுகளில் உள்ள அதே கோளாறு. வாங்கியவர்களால் விற்கவும் முடியவில்லை, வங்கிக் கடன் பெறவும் முடியவில்லை.

அரசு சொத்துகளை விற்பதையே கொள்கையாகக் கொண்டிருந்த அந்த அரசுகூட, 'விற்றாயிற்று, உங்கள் பாடு' என்று சொல்லவில்லை. 1984-இல் வீட்டுக் குறைகளுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. குறை தெரியாத காலத்தில் வாங்கியவர்களுக்குச் சீரமைப்புச் செலவில் 90 சதவீதம் மானியம். சீரமைக்க முடியாவிட்டால் குறையே இல்லாத வீட்டுக்கு உள்ள விலையில் 95 சதவீதம் கொடுத்து உள்ளாட்சியே திரும்ப வாங்கிக்கொள்ளும்.

அப்படி ஏற்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அதே நாட்டில் சான்று இருக்கிறது. ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் டோரி பகுதி வீடுகளின் கூரைகளில், காற்றுக்குமிழ் நிறைந்த ஒருவகை இலகு கான்கிரீட் வலுவிழந்திருப்பது தெரியவந்து, சுமார் 500 வீடுகளை இடிக்க 2024-இல் நகராட்சி முடிவெடுத்தது. அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்டவை முன்பு நகராட்சி வீடுகளாக இருந்து, பிறகு தனியாருக்குச் சொந்தமானவை. வாடகைக்கு இருந்தவர்களுக்கு மாற்று வீடு கிடைத்தது. விலை கொடுத்து வாங்கியவர்களோ, குறையோடு சேர்த்துக் கணிக்கப்பட்ட விலை தங்கள் கடனை அடைக்கவே காணாது என்று போராட வேண்டியதாயிற்று. ஒரே கூரை, ஒரே குறை. கையில் பத்திரம் இருந்ததே அவர்களுக்குச் சுமையாகிவிட்டது.

நமக்கு இன்னும் நெருக்கமான முன்மாதிரி சிங்கப்பூர். நம்மூரில் பலருக்கும் அங்கே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வாழும் சொந்தபந்தம் இருப்பார்கள். அந்த வீடுகள் 99 ஆண்டு குத்தகையில் விற்கப்பட்டவை. ஆனாலும், 2007-இல் அறிவிக்கப்பட்ட இல்ல மேம்பாட்டுத் திட்டத்தில், பழைய வீடுகளின் சீலிங் கான்கிரீட் பெயர்வதைச் சரிசெய்வதும் கழிவுக் குழாய்களை மாற்றுவதும் குடிமக்களுக்கு முழுக்க முழுக்க அரசு செலவு. 1986-வரை கட்டியவற்றுக்கு என்றிருந்த திட்டம் பிறகு 1997-வரை கட்டிய வீடுகளுக்கும் விரிந்தது. குளியலறையை அழகுபடுத்துவது போன்ற விருப்ப வேலைக்கு மட்டும் வீட்டுக்காரர் சிறு பங்கு தர வேண்டும். மேல்வீட்டுக் கசிவு கீழ்வீட்டு சீலிங்கில் இறங்கினால், பழுதுபார்க்கும் செலவில் பாதியைத் தானே ஏற்றுக்கொண்டு, மீதியை மேல்வீடும் கீழ்வீடும் பகிர்ந்துகொள்ளும்படி வீவக ஒரு வழி வைத்திருக்கிறது. அந்த மீன்கார அம்மா வீட்டுச் சிக்கலுக்கு இதைவிட நேரான தீர்வு எனக்குத் தெரியாது. சிங்கப்பூர் பணக்கார நாடு, உண்மை. ஆனால், கட்டியவரே கடைசிவரை கட்டடத்தோடு நிற்க வேண்டும் என்ற முடிவை எடுக்கப் பணக்கார நாடாக இருக்க வேண்டியதில்லை.

எழக்கூடிய கேள்விகள்

மக்களே சுவரை இடிக்கிறார்கள், பால்கனியை அறையாக்குகிறார்கள், தாங்க முடியாத எடையில் மொட்டை மாடியில் தொட்டி வைக்கிறார்கள். அதற்கும் அரசு பணம் தர வேண்டுமா? தர வேண்டாம். பில்லரைக் கொத்தியவரிடம் செலவை வசூலிக்கலாம். குடியிருப்பவர் செய்த சேதம் எது, கட்டும்போதே இருந்த குறை எது என்று பிரித்துச் சொல்வது அனுபவமுள்ள பொறியாளருக்கு அரை நாள் வேலை. ஒரே வரிசையில் எட்டு வீட்டு சன்ஷேடும் ஒரேபோலப் பெயர்ந்திருந்தால், எட்டு குடும்பமும் சேர்ந்து சதி செய்து அதை உடைக்கவில்லை.

இன்னொரு கேள்வி: கைமாறி, பவர் பத்திரத்தில் வாங்கி, உள்வாடகைக்கு விட்டு என்று குழம்பிக்கிடக்கும் வீடுகளில் யாருக்கு மானியம் கொடுப்பது? யார் கையிலும் கொடுக்க வேண்டாம். ஒரே படிக்கட்டில் பத்திரம் வாங்கியவரும் தவணை பாக்கி உள்ளவரும் வாடகைக்கு இருப்பவரும் சேர்ந்து வாழ்கிறார்கள். பில்லருக்கு அவர்களில் யாருடைய பெயரும் தெரியாது. பணம் கட்டடத்துக்குப் போகட்டும். பிளாக் முழுவதையும் ஒரே வேலையாக எடுத்துச் செய்யட்டும்.

மூன்றாவது, எல்லோரும் சொல்வது: எதற்கு ஒட்டுப்போடுவது, இடித்துப் புதிதாகவே கட்டிவிடலாமே? முற்றிலும் கெட்டவற்றை இடிக்கத்தான் வேண்டும். 200, 250 சதுர அடிப் பொந்துகளில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர்களுக்கு 400 சதுர அடி வீடு கிடைப்பது பெரும் விடுதலை. ஆனால், இடித்துக் கட்டுவதன் விலையையும் மக்களே சுமக்கிறார்கள். வெளியே போய்த் தங்குவதற்கான கருணைத்தொகை 8,000 ரூபாயிலிருந்து 24,000-ஆக உயர்த்தப்பட்டது. சென்னையில் அட்வான்ஸும் வாடகையும் போக அது எத்தனை மாதத்துக்கு வரும் என்று வாடகைக்கு வீடு தேடிய எவருக்கும் தெரியும். பிறகு புது வீட்டுக்குப் பயனாளிப் பங்குத்தொகை கேட்கப்படுகிறது. ஒருமுறை தவணை கட்டிச் சொந்தமாக்கிய வீட்டுக்கு மறுபடியும் பணம். பத்திரம் பெற்றவர்கள் உள்ள கட்டடத்தில் 2022-இன் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கினரின் ஒப்புதலும் வேண்டும். இதெல்லாம் கூடிவர ஆண்டுகள் ஆகும். சரியான வயதில் பழுதுபார்த்த கட்டடத்துக்கு இந்த அலைச்சலே இன்னும் 20 ஆண்டுக்கு வராது. முதல் விரிசலில் கை வைத்தால் ஓர் அறையின் சீலிங்கைச் சில ஆயிரங்களில் முடித்துவிடலாம். கம்பி பாதியாகத் தேய்ந்த பிறகு அதே சீலிங் லட்சம் கேட்கும். அதற்கும் பிறகு கட்டடமே போய்விடும். பணத்தை மிச்சப்படுத்த நினைக்கும் அரசுக்கும் இதுதான் வழி.

என்ன செய்ய வேண்டும்?

முதலில், வாரியமும் வீட்டுவசதி வாரியமும் கட்டி, 15 ஆண்டைத் தாண்டிய எல்லாக் கட்டடங்களையும், விற்றது விற்காதது என்று பார்க்காமல், ஆய்வு செய்ய வேண்டும். கண்ணால் பார்த்துவிட்டுப் போகும் ஆய்வு போதாது. சுத்தியலால் தட்டி, கவரின் கனத்தை அளந்து, கான்கிரீட்டில் துளையிட்டுச் சோதித்து, ஒவ்வொரு பிளாக்குக்கும் அறிக்கை எழுத வேண்டும். அந்த அறிக்கையைக் கோப்பில் பூட்டாமல், தமிழில் ஒரு பக்கச் சுருக்கமாகப் படிக்கட்டுச் சுவரில் ஒட்ட வேண்டும். தான் படுத்திருக்கும் கூரையின் நிலை என்ன என்று தெரிந்துகொள்வது குடியிருப்பவரின் உரிமை.

அடுத்து, மாநில வரவுசெலவுத் திட்டத்தில் கட்டுமானக் குறை சீரமைப்புக்கு என்று தனித் தலைப்பு வேண்டும். ஒரு பெருமழைக்கோ விபத்துக்கோ பிறகு அவசரமாக ஒதுக்கும் தொகையாக அல்லாமல், ஆண்டுதோறும் வருவதாக இருக்க வேண்டும். பீம், பில்லர், தளம், சன்ஷேட், மொட்டை மாடி, பொதுக் குழாய் ஆகியவற்றுக்கு முழுச் செலவும் அரசுடையது. வீட்டுக்குள் இருக்கும் குளியலறைக் கசிவுக்கு அரசு பாதி, மேல்வீடும் கீழ்வீடும் மீதி. கட்ட இயலாதவர்களுக்கு அதையும் தள்ளுபடி செய்யலாம். மேல்வீட்டுச் சொந்தக்காரர் கதவைத் திறக்க மறுத்தால் நுழைந்து வேலை செய்ய வாரியத்துக்கு அதிகாரம் இருக்க வேண்டும்.

வேலையைக் கண்காணிப்பதில் குடியிருப்பவர்களுக்கு இடம் வேண்டும். எந்தக் கலவை, எத்தனை மூட்டை, எத்தனை நாள் தண்ணீர் காட்ட வேண்டும் என்று எழுதி அந்தந்த பிளாக்கின் பெண்களிடம் கொடுத்துப் பாருங்கள். எந்த மேற்பார்வையாளரும் ஒப்பந்ததாரரை அப்படிக் கேள்வி கேட்டிருக்க மாட்டார். சீரமைத்த வேலைக்குப் பத்தாண்டு உத்தரவாதம் வாங்க வேண்டும். அதோடு, இனி விற்பனைப் பத்திரம் கொடுக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும், கொடுப்பதற்கு முன்பே கட்டடத்தைச் சோதித்துச் சரிசெய்து, அந்தச் சான்றையும் பத்திரத்தோடு இணைக்க வேண்டும்.

கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன. 2000-க்குப் பிறகு எழுந்த அந்தக் கட்டடங்கள், துரு வெளியே தெரியத் தொடங்கும் வயதுக்கு வந்துவிட்டன. பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் கட்டடங்கள் இன்னும் சில ஆண்டுகளில் அந்த வயதை எட்டும். இப்போது பார்த்தால் இவற்றைப் பழுதுபார்க்கலாம். பார்க்காமல் விட்டால் அடுத்த இருபது ஆண்டில் இடிப்பதற்கான பட்டியலில் இவையும் சேரும். அப்போது கேட்கப்படும் தொகையை எந்த அரசாலும் தாங்க முடியாது.

ஏழைகள் அந்தப் பத்திரத்தை வாங்கியது அரசின் முத்திரையை நம்பித்தான். தனியாரிடம் வாங்குபவர் வக்கீலையும் பொறியாளரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்ப்பார். அரசு கட்டிய வீட்டைக் கம்பி எத்தனை மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று சோதித்து வாங்கியவர் யாரும் இல்லை. சோதிக்க வேண்டிய இடத்தில் இருந்தது அரசின் பொறியாளர், கையெழுத்திட்டதும் அவரே. அந்தக் கையெழுத்துக்கான விலையை மீன் விற்பவரிடமும் வீட்டுவேலை செய்பவரிடமும் வசூலிப்பது அநியாயம். வரும் நிதிநிலை அறிக்கையில் இந்தத் தலைப்பைச் சேர்த்து, அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு முதல் பிளாக்குகளுக்கு முட்டு கொடுத்து வேலையைத் தொடங்குங்கள்.